காகிதப் பெட்டியும் கல்லான பிரெட்டும்

வணக்கம்.

கைவேலைகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கொஞ்ச காலமாக நானும் என் ஒன்பது வயது மகளும் விடுமுறை நாட்களில் சேர்ந்து ஏதாவது செய்துகொண்டிருக்கிறோம். காகிதத்தில் பூ, பெட்டி, வாழ்த்து அட்டை, சின்ன நோட்டுப் புத்தகம். அடுப்படியில் பிரெட், பிஸ்கெட், வெண்ணெய். ஒவ்வொரு வாரமும் வீடியோக்களைப் பார்த்துப் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்போம்.

உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் சரியாக வருவதில்லை. வாழ்த்து அட்டையை மடித்தால் மடிப்பு வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிகிறது. நோட்டுக்கு மேலட்டை ஒட்டினால் மறுநாள் காலையில் வளைந்து கிடக்கிறது. பிரெட் கல்லாகிவிட்டது. "படத்துல இருக்கிற மாதிரி வரலையே அம்மா" என்று சொல்லி மகள் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடுகிறாள். க்ரீமை பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி வெண்ணெய் எடுத்த அன்றைக்கு மட்டும்தான் துள்ளிக் குதித்தாள்.

"கடையில வாங்கினா இதைவிடக் குறைவா முடிஞ்சுடும், நேரமும் மிச்சம்" என்கிறார் கணவர். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானா? எங்களுக்குக் கைராசி இல்லையா, அல்லது நாங்கள் செய்யும் விதத்தில்தான் ஏதோ கோளாறா?

அன்புடன்,
வி.

*

அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வெண்ணெய்தான். மற்ற எல்லாவற்றிலும் சோர்ந்துபோகும் குழந்தை அதில் மட்டும் ஏன் துள்ளினாள்?

வெண்ணெய்க்கு ஒப்பிட்டுப் பார்க்கப் படம் கிடையாது. அவள் கண் முழுக்க பாட்டிலில்தான் இருந்திருக்கும். முதலில் க்ரீம் சளசளவென்று ஆடும். அப்புறம் காற்று ஏறிக் கெட்டியாகி, குலுக்கினாலும் சத்தமே வராது. எல்லாரும் பொறுமையிழக்கும் இடம் அதுதான். விடாமல் குலுக்கினால் திடீரென்று சத்தம் மாறும், மஞ்சள் திரள் தனியாகவும் வெளுத்த நீர் தனியாகவும் பிரியும். க்ரீமில் இருக்கும் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய சவ்வுக்குள் அடங்கி மிதக்கிறது. குலுக்கக் குலுக்க சவ்வு கிழிந்து கொழுப்போடு கொழுப்பு ஒட்டிக்கொள்கிறது. க்ரீம் 12 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்திருந்தால் இது நன்றாக நடக்கும். சூடேறியிருந்தால் கொழுப்பு இளகி வழவழவென்றாகிவிடும், உறைந்துபோயிருந்தால் ஒட்டாது. இந்தக் காரணம் எதுவும் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பொருள் தன் கையில் இன்னொன்றாக மாறுவதை அவள் பார்த்தாள், அது போதும்.

நீங்கள் சொன்ன மற்ற மூன்றிலும் கோளாறு கையில் இல்லை, ராசியிலும் இல்லை. மூன்றுக்கும் காரணம் அந்தந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. வீடியோவில் எந்தக் கோட்டில் மடிக்க வேண்டும், எத்தனை கப் ஊற்ற வேண்டும் என்று காட்டுவார்கள். தாளும் மாவும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்ட அந்த ஐந்து நிமிடத்தில் இடமிருக்காது.

முதலில் வெடித்த மடிப்பு. இயந்திரத்தில் செய்த எந்தத் தாளுக்கும் ஒரு போக்கு உண்டு. கூழை ஓடிக்கொண்டிருக்கும் வலையின் மேல் ஊற்றித்தான் தாள் செய்கிறார்கள். அப்போது இழைகளில் பெரும்பகுதி வலை ஓடும் திசையிலேயே படிந்துவிடும். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் இதை கிரெயின் என்பார்கள். மடிப்புக்கோடு இழையின் போக்கிலேயே விழுந்தால் சுத்தமாக மடியும். குறுக்கே விழுந்தால் இழைகள் முறியும், மேற்பரப்பு வெடிக்கும். கெட்டி அட்டையில் இது இன்னும் மோசமாகத் தெரியும்.

போக்கைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். அட்டையை மடிக்காமல், எதிரெதிர் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். பிறகு அட்டையைத் திருப்பி மற்ற இரண்டு விளிம்புகளையும் அதேபோலச் செய்யுங்கள். ஒரு பக்கம் இணங்கி வளையும், மறுபக்கம் எதிர்க்கும். எந்தப் பக்கம் இணங்குகிறதோ அந்த வளைவின் வாட்டத்திலேயே மடிப்பு விழ வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். போக்கில் கிழித்தால் ஏறக்குறைய நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு ஓடும். இதை மகளைச் செய்யவிடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாத் தாளையும் கிழிப்பாள், கிழிக்கட்டும். 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேல் கனமுள்ள அட்டை என்றால் மடிப்பதற்கு முன்னால் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்துக்கொள்ளுங்கள். மடிப்பு அந்தக் கோட்டைவிட்டு விலகாது.

மேலட்டை வளைந்ததற்கும் இதே இழைதான் காரணம். ஈரம் பட்டால் இழை நீளவாக்கில் அதிகம் மாறாது, தடிமனில்தான் உப்பும். அதனால் பசை தடவிய தாள் போக்கின் குறுக்காக விரிகிறது. விரிந்த நிலையில் அட்டையில் ஒட்டிக்கொள்கிறது, காயும்போது சுருங்கி அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. அட்டை, மேலே ஒட்டும் தாள், உள்பக்கங்கள் எல்லாவற்றின் போக்கும் நோட்டின் முதுகுக்கு இணையாக இருக்கட்டும். அட்டையின் உள்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டுங்கள், இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று சமன் செய்யும். பசையை மெல்லியதாகத் தடவி, மேலும் கீழும் உறிஞ்சும் தாள் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. குழந்தைகளுக்கு இது கஷ்டம்தான், பெரியவர்களுக்கும் கஷ்டம்தான்.

பசையை நீங்களே காய்ச்சுங்கள். உங்கள் இரண்டு வேலைகளும் சந்திக்கும் இடம் அது. ஒரு பங்கு கோதுமை மாவோ மைதாவோ, ஐந்து பங்கு தண்ணீர். மாவைப் பச்சைத் தண்ணீரில் முதலில் நன்றாகக் கரைத்துவிட்டு, பிறகு அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். 60 டிகிரியைத் தாண்டும்போது மாவிலிருக்கும் ஸ்டார்ச் மணிகள் தண்ணீரை இழுத்து உப்பத் தொடங்கும். வெள்ளையாக இருந்த கரைசல் கொஞ்சம் கண்ணாடித்தன்மை பெற்று, கரண்டிக்குப் பின்னால் தடம் விடும். கொதிக்கும் தண்ணீரில் மாவை நேரே கொட்டினால் வெளிப்புறம் உடனே வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே மாவு காய்ந்தபடியே இருக்கும். கட்டி தட்டுவது இதனால்தான். சூப்பையோ சாஸையோ மாவு சேர்த்துக் கெட்டியாக்கும்போது நடப்பதும் இதுவே. ஒரே பாத்திரத்தில் காகித வேலையையும் சமையலையும் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆறிய பசையை ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.

சரி, பிரெட். பிரெட் கல்லாவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: தண்ணீர் குறைவு, நேரம் குறைவு, செத்துப்போன ஈஸ்ட். ஈஸ்ட்டைச் சோதிப்பது எளிது. கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் நுரைக்க வேண்டும். நுரைக்காவிட்டால் வேறு ஈஸ்ட் வாங்குங்கள். தண்ணீர் 60 டிகிரியை நெருங்கினால் நல்ல ஈஸ்ட்டும் செத்துவிடும்.

தண்ணீர் குறைவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிறது. மாவு கையில் ஒட்டும், பயந்துபோய் இன்னும் ஒரு பிடி மாவு போடுவோம், இன்னும் ஒரு பிடி. கடைசியில் பிசைய வசதியான, ஆனால் உப்ப முடியாத உருண்டை கிடைக்கும். கப்பை விட்டுவிட்டுத் தராசுக்கு மாறுங்கள். ஒரே கப்பில் மாவை எப்படி அள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். 500 கிராம் மைதாவுக்கு 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் உலர்ந்த ஈஸ்ட். முழுக் கோதுமை மாவு என்றால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கேட்கும். கலந்த உடனே பிசையாதீர்கள். மூடி வைத்து அரைமணி நேரம் சும்மா விடுங்கள். அந்த நேரத்தில் மாவு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மாவிலிருக்கும் புரதங்கள் தாமாகவே ஒன்றோடொன்று பிணையத் தொடங்கும். திரும்பி வந்து தொட்டால் அந்த ஒட்டல் பாதியாகக் குறைந்திருக்கும், ஒரு பிடி மாவுகூடச் சேர்க்காமலேயே.

அப்புறம் மாவு உப்புவதற்கான நேரம். குறிப்பில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். அது எழுதியவருடைய அறையின் சூட்டுக்கான நேரம். உங்கள் அறை குளிராக இருந்தால் இரண்டு மணி நேரமாகலாம். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு மடங்காக உப்பியிருக்க வேண்டும். வடிவம் கொடுத்து இரண்டாவது முறை உப்பவிட்ட பிறகு, விரலால் மெல்ல அழுத்துங்கள். பள்ளம் சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் நேரமாகவில்லை. மெதுவாக, அரைகுறையாக நிமிர்ந்தால் ஓவனில் வைக்கலாம். இந்த விரல் சோதனை மகளுடைய பொறுப்பாக இருக்கட்டும்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். வாரம் ஒரு புது வேலை என்பதுதான் பிரச்சினை என்று நான் நினைக்கிறேன். முதல் தடவை செய்யும்போது கவனம் முழுக்க அடுத்து என்ன என்பதிலேயே போய்விடும். இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் பொருளைத் தொட்டுப் பார்க்க மனம் ஒழியும். நீங்கள் அந்த இரண்டாவது தடவைக்குப் போவதே இல்லை. உங்கள் மகள் எப்போதும் முதல் தடவை செய்கிறவளாகவே இருக்கிறாள், ஆனால் நூறு தடவை செய்தவருடைய படத்தோடு தன்னை ஒப்பிடுகிறாள். அந்த ஒப்பீட்டில் எந்தக் குழந்தையும் தோற்கும்.

ஜப்பானின் அகிரா யோஷிசாவா, ஓரிகாமி என்னும் காகித மடிப்பை ஒரு கலையாகவே உயர்த்தியவர். 1911இல் பிறந்து 2005இல் மறைந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வடிவியலைக் காகிதம் மடித்தே விளக்கியவர். இன்றைக்கு எல்லா மடிப்புப் படங்களிலும் இருக்கும் புள்ளிக்கோடுகளும் அம்புக்குறிகளும் அவர் வகுத்த முறையிலிருந்து வந்தவை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவர் கண்டுபிடித்த ஈர மடிப்பு. தடிமனான தாளை லேசாக நனைத்தால் அதிலிருக்கும் பசைப்பொருள் இளகும், தாள் வளைவுகளுக்கு இணங்கும், காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே நிற்கும். உங்கள் மேலட்டையை வளைத்த அதே ஈரம்தான். தாளோடு அத்தனை காலம் பழகியவருக்கு அது ஒரு கருவியாகிவிட்டது.

பொழுதுபோக்குதானா என்று கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் 1837இல் சிறு குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கி, அதற்கு கிண்டர்கார்டன் என்று பெயரும் வைத்த ஃப்ரோபெல், காகிதம் மடிப்பதையும் வெட்டுவதையும் பின்னுவதையும் அங்கே பாடமாகவே வைத்தார். சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம் வருவதைக் கையால் செய்து பார்த்த குழந்தைக்கு அதைப் பிறகு யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் கணவர் சொல்லும் செலவுக் கணக்கு சரிதான், அதோடு வாதாடாதீர்கள். பெட்டி மட்டும் தேவை என்றால் வாங்குவதே மேல். உங்கள் மகளுக்குத் தேவைப்படுவது ஒரு காரியம் ஏன் கெட்டது என்று கண்டுபிடித்து, அதைத் தானே சரிசெய்யும் அனுபவம். அதைக் கடையில் வாங்க முடியாது. அடுத்த முறை மாவு பிசைய அவரையும் கூப்பிடுங்கள்.

இனி வரும் வாரங்களுக்கு இரண்டே வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பெட்டி, ஒரு பிரெட். பெட்டி என்றால், சதுரத் தாளின் நான்கு முனைகளையும் நடுவுக்கு மடித்து, பிறகு பக்கங்களை நடுவுக்கு மடித்துச் சுவராக எழுப்பும் அந்தப் பழைய பெட்டி. 80 ஜிஎஸ்எம் தாள் போதும், பசையே வேண்டாம். 15 சென்டிமீட்டர் சதுரத்தில் செய்தால் அடிப்பக்கம் 5.3 சென்டிமீட்டர் வரும். மூடிக்கு அதே அளவுத் தாள். அடிப்பெட்டிக்கான தாளில் மட்டும் அடுத்தடுத்த இரண்டு ஓரங்களில் 4 மில்லிமீட்டர் வெட்டிவிடுங்கள், மூடி இறுகாமல் பொருந்தும். மூடி தளர்வாக இருந்தால் அடுத்த தடவை 3 மில்லிமீட்டர், இறுக்கமாக இருந்தால் 5. இந்த அளவை மகளே முடிவு செய்யட்டும். வீடியோ வேண்டாம். செய்த பெட்டி எதையும் குப்பையில் போட விடாதீர்கள். தேதி எழுதி வரிசையாக அடுக்கி வையுங்கள். ஒப்பிடுவதற்கு அவளுக்கு அவளுடைய போன வாரத்துப் பெட்டியே இருக்கும்.

பிரெட்டுக்கும் அப்படியே ஒரு நோட்டு. முன்பு செய்த அந்த வளைந்த மேலட்டை நோட்டு இன்னும் வீட்டில் இருந்தால் அதுவே போதும். மாவு எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை கிராம், உப்ப எவ்வளவு நேரம் ஆனது, அன்றைக்கு வெயிலா மழையா, இவ்வளவுதான் எழுத வேண்டும். நாலைந்து தடவை ஆனதும் அந்தக் கணக்கையும், வெட்டிய துண்டின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். அதில் எங்கே சிக்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்