கேள்வி – பதில்: மாமியின் வீடும் சாமானும்

கேள்வி: மாமி தனியே இருக்கிறா. போர் முடிந்து மீள்குடியேறிய நாளிலிருந்து தறப்பாள், தகரம், வெற்றுப் போத்தல் என ஒன்றையும் எறிய விடுகிறா இல்லை. குசினிக்குள் போக வழியில்லை. உதவிக்கு யாரைக் கூப்பிடலாம்?
– வாசகி, தருமபுரம்

பதில்: அவ இல்லாத நேரம் பார்த்து எதையும் எறியாதீர்கள். எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்களுக்கு வெற்றுப் போத்தலும் சேமிப்புத்தான். ஒளித்து எறிந்தால் இன்னும் கூடச் சேர்ப்பா.

அவ நம்பும் ஒருவர் போதும். புத்திமதி சொல்லும் சொந்தம் வேண்டாம். அவர் பொருளைத் தூக்கிக் காட்டட்டும், மாமி முடிவெடுக்கட்டும். நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம். முதலில் வாசலிலிருந்து அடுப்படிவரை நடைவழி. பிறகு, ஐப்பசி மழைக்கு முன் முற்றம்: தண்ணீர் தேங்கும் போத்தலிலும் டயரிலும் பத்து நாளுக்குள் நுளம்பு பெருகும். குவியலைத் தடியால் கிளறிய பிறகே கை வையுங்கள், பாம்பு இருக்கும். வெடிபொருள் போல ஏதும் கண்டால் தொடாமல் பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அறிவியுங்கள். கிழியாத தறப்பாள் இரண்டை விட்டுவையுங்கள். அதுவும் போனால் மாமிக்கு நித்திரை வராது.

பழஞ்சேலை மடிப்பு, பேணி எல்லாம் உதறிப் பாருங்கள். காணி உறுதியும் நகையும் பெரும்பாலும் அங்கேதான். தாள்களை மூடியுள்ள வாளியில் போட்டு உயரத்தில் வையுங்கள், கறையான் அரிக்கும். காணாமற்போனவரின் உடுப்பு, படம் இருந்தால் அது அப்படியே இருக்கட்டும்.

அழுகையும் பதற்றமும் நாட்கணக்கில் நீடித்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.