கதையில் வரும் தவறு பரீட்சைத் தாளிலும் வந்துவிடுமா?

கேள்வி: என் மகள் சிபிஎஸ்இ பள்ளியில் 8ஆம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு முதல் எல்லாப் பாடங்களிலும் அறிவியல் புனைகதைகளைச் சேர்த்து நடத்தப்போவதாகப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். அதற்கான கதைப் பெட்டியை ஒரு நிறுவனத்திடம் 6,500 ரூபாய் கொடுத்து வெள்ளிக்கிழமைக்குள் வாங்க வேண்டுமாம். கதையில் வரும் பொய்யான அறிவியலை உண்மை என்று நம்பி அவள் பரீட்சையில் எழுதிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. பெட்டியை வாங்கலாமா?
- ஒரு தாய், செம்பூர், மும்பை

பதில்: பணத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள், அம்மா. அதைப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் பயம்.

கதையில் தவறு இருப்பதால் குழந்தையின் அறிவியல் கெட்டுப்போவதில்லை. கதையைக் கொடுத்துவிட்டு ஒன்றுமே கேட்காமல் அடுத்த பாடத்துக்குப் போனால்தான் கெடும். மும்பைப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். வாசித்து முடித்த கையோடு “இதில் எது நடக்காது, ஏன்?” என்று ஆசிரியர் கேட்ட வகுப்புகளில், பிள்ளைகள் யாரும் சொல்லாமலே பாடநூலைப் புரட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். செவ்வாய்க் கிரகத்துக்குப் போன மகள், செம்பூரில் இருக்கும் அம்மாவுடன் வீடியோவில் பேசுகிறாள் என்று ஒரு கதை. அம்மா “சாப்பிட்டாயா?” என்கிறாள். மகள் உடனே “ஆயிற்று அம்மா” என்கிறாள். அந்த ‘உடனே’யில்தான் பொய் ஒளிந்திருக்கிறது. செவ்வாய் மிகத் தொலைவில் இருக்கும்போது நமக்கும் அதற்கும் இடையே சுமார் 40 கோடி கிலோமீட்டர். ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். உங்கள் மகளிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்து வகுக்கச் சொல்லுங்கள். 1,333 நொடி வரும், அதாவது 22 நிமிடத்துக்குச் சற்று அதிகம். கேள்வி போய்ச் சேர 22 நிமிடம், பதில் திரும்பி வர இன்னொரு 22. அதற்குள் அம்மா குக்கரை இறக்கி, குழம்பைத் தாளித்து, பாத்திரமும் கழுவி முடித்திருப்பாள்.

கணக்கும் அறிவியலும் இதில் வந்துவிட்டன. மொழிப் பாடமும் இங்கேயே இருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பதில் வரும் என்றால் அந்தப் பேச்சு கடிதமாக மாறித்தான் ஆக வேண்டும். கேட்க நினைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டுவிட வேண்டும். அந்தக் கடிதத்தை அவளையே தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், எழுதத்தான் வரவில்லை என்று மாட்டுங்காவிலும் தாராவியிலும் நாம் புலம்பிக்கொண்டே இருக்கிறோம். எழுதுவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் எழுதுவார்கள். இப்படித் தன் கையால் கணக்குப் போட்டுக் கதையைத் திருத்தியவள் பரீட்சையில் அதைத் தவறாக எழுதமாட்டாள்.

வரலாற்றுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் கொலாபாவில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். அவருடைய ‘தி அட்வென்ச்சர்’ என்ற கதை என்சிஇஆர்டியின் 11ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் நெடுங்காலமாக இடம்பெற்றது. 1761 பானிபட் போரில் மராத்தியப் பேஷ்வாவின் மகன் விஸ்வாஸ்ராவ் குண்டடிபட்டு இறந்தார், மராத்தியர்கள் தோற்றார்கள். கதையில் அந்தக் குண்டு எள்ளளவில் தவறிப்போகிறது. மராத்தியர்கள் வெல்கிறார்கள், கிழக்கிந்தியக் கம்பெனி பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய ஊர்களைச் சுற்றி மட்டும் ஒடுங்கிவிடுகிறது. கதாநாயகர் உண்மையைத் தேடிப் போகும் ஆசியாடிக் சொசைட்டி நூலகம் சிஎஸ்எம்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். இத்தனை இருந்தும் அந்தக் கதையை ஆங்கில ஆசிரியர் நடத்துவார், பக்கத்து வகுப்பில் இருக்கும் வரலாற்று ஆசிரியருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இருவரும் வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச எந்தப் பள்ளியும் நேரம் ஒதுக்குவதில்லை. கேட்டால் போர்ஷன் முடியவில்லை என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குச் செலவே இல்லை, அதனால் அதை விற்கவும் யாரும் வருவதில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உங்கள் பயம் சரி. அது பரிணாமம். கதைகளில் ஒரு மனிதன் ஊசி போட்டுக்கொண்டதும் ‘பரிணாம வளர்ச்சி’ அடைந்து செவுளோ சிறகோ முளைக்க நிற்பான். செவ்வாய்க் கதையின் தவறைக் கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம், இதைப் பிடிக்க முடியாது. காரணம், ‘ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்து நீண்டது’ என்று குழந்தை ஏற்கெனவே மனதில் வைத்திருக்கும் தவறான எண்ணத்தோடு அது அப்படியே பொருந்திவிடுகிறது. உண்மையில் ஓர் உயிர் தன் ஆயுளுக்குள் பரிணாமம் அடைவதில்லை. பிறக்கும்போதே இருக்கும் சிறு வேறுபாடுகளில் பிழைக்க உதவுபவை தலைமுறை தலைமுறையாகப் பெருகுகின்றன. மாறுவது தனி உயிர் இல்லை, அந்த உயிரினக் கூட்டம். இதை நன்றாக விளக்கிய பிறகுதான் அந்த வகைக் கதையைக் கையில் கொடுக்க வேண்டும். பிறகு பாடநூல் திருத்திக்கொள்ளும் என்று இருந்துவிடவும் வழியில்லை. 2023இல் வந்த என்சிஇஆர்டியின் 10ஆம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். கதையை நம்பாதே என்று குழந்தையிடம் சொல்கிறோம், நம்ப வேண்டிய பக்கத்தைக் கிழித்துவிட்டால் அவள் எங்கே போவாள்?

இனி அந்தப் பெட்டி. ஒரு பள்ளியில் இப்படிப்பட்ட பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். வழவழப்பான தாளில் பன்னிரண்டு கதைகள். ஒவ்வொன்றின் அடியிலும் கோடிட்ட இடங்களை நிரப்புக: ‘விண்கலத்தின் பெயர் ____.’ விண்கலத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு குழந்தை என்ன செய்யும்? கடைசியில் தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ். அடுத்த ஆண்டு இரண்டு கதைகளை மாற்றி ‘புதிய பதிப்பு’ என்பார்கள், அக்காவின் பெட்டி தங்கைக்கு உதவாது. முகவர் சுவரில் படம் காட்டி, ‘புதிய கல்விக் கொள்கையே சொல்லியிருக்கிறது’ என்பார். 2020 கொள்கை எல்லாப் பாடங்களிலும் கதை சொல்லிக் கற்பிக்கச் சொல்வது உண்மைதான். அதற்காகப் பெட்டி வாங்கச் சொல்லவில்லை. முகவருக்கும் பள்ளிக்கும் நடுவில் கமிஷன் உண்டா என்பதை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ரசீது யார் பெயரில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் வந்தால் அது பள்ளிக் கட்டணம் ஆகாது.

வெள்ளிக்கிழமைக்கு முன் முதல்வருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: பெட்டி கட்டாயமா? கட்டாயம் என்றால் பள்ளியின் முத்திரையோடு எழுத்தில் தர முடியுமா? குறிப்பிட்ட விற்பனையாளரிடம் பாடநூலும் நோட்டும் வாங்கும்படி பெற்றோரை வற்புறுத்தக் கூடாது என்று சிபிஎஸ்இ 2017இலேயே பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். உங்களைப் போலத் தயங்கும் நாலு தாய்மாரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, நகலில் அலுவலகத்தின் தேதி முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை பணத்தைக் கட்ட வேண்டாம்.