எல் சோலோவுக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம், இன்னொருவர் ஒரு நட்சத்திரம்: யாரை நம்புவது?

கேள்வி: லாஸ் ஏஞ்சல்ஸில் எல் சோலோ என்ற பழைய மெக்சிகன் உணவகத்தைப் பற்றிச் சிலர் ஆஹா ஓஹோ என்கிறார்கள், சிலர் இது மெக்சிகன் சாப்பாடே இல்லை என்கிறார்கள். ஏன் இப்படி? குடும்பத்தோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே கிடைப்பது எந்த ஊர்ச் சமையல் என்று தெரிந்துகொண்டு போங்கள். அது தெரியாமல் போகிறவர்கள்தான் பெரும்பாலும் கோபமாகத் திரும்பி வருகிறார்கள். நான் இந்த ஊரில் பல வருடங்களாக இருக்கிறேன், இந்த உணவகத்துக்கும் இதுபோன்ற மற்றப் பழைய கடைகளுக்கும் போய் வருகிறவன். இந்தச் சண்டையை நண்பர்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் நிறையவே கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கடையின் கதை. 1923-ல் அலெஹாந்த்ரோ, ரோசா போர்கெஸ் என்ற தம்பதி சோனோரா கஃபே என்ற பெயரில் ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் பெயர் எல் சோலோ ஆனது. அவர்களுடைய மகள் ஆரேலியாவும் மருமகன் ஜார்ஜ் சாலிஸ்பரியும் 1927-ல் வெஸ்டர்ன் அவென்யூவில் கடை போட்டார்கள். 1931-ல் அதே தெருவில் எதிர்ப்பக்கம் இருந்த ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார்கள். இன்றைக்கும் கடை அங்கேதான் இருக்கிறது, அதே குடும்பம்தான் நடத்துகிறது. வீடாக இருந்த இடம் என்பதால் அறை அறையாக விரிந்துகொண்டே போகும். சுற்றிலும் இப்போது கொரியா டவுன், கொரியன் பெயர்ப் பலகைகளுக்கு நடுவே இது நிற்கிறது. மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் அது எந்த வருடம் மெனுவில் சேர்ந்தது என்று போட்டிருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. நாச்சோஸுக்கு, அதாவது சீஸ் உருக்கிப் போட்ட சோளச் சிப்ஸுக்கு, நேரே 1959 என்று இருக்கும். சான் அன்டோனியோவிலிருந்து வந்து இங்கே பரிமாறும் வேலையில் சேர்ந்த கார்மென் ரோச்சா என்ற பெண் அந்த வருடம் அதைச் செய்து கொடுக்க ஆரம்பித்தார். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு நாச்சோஸ் வந்த கதையாக இதைத்தான் இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

சரி, தட்டில் என்ன வரும்? உட்கார்ந்ததும் சிப்ஸும் சல்சாவும். அப்புறம் நீங்கள் காம்பினேஷன் பிளேட் சொன்னால் நீள்வட்டமான கனத்த தட்டு ஒன்று அடுப்பிலிருந்து நேராக மேசைக்கு வரும். பரிமாறுகிறவர் துணியால் பிடித்து வைத்துவிட்டு, "தட்டு ரொம்பச் சூடு, தொட்டுடாதீங்க" என்று சொல்லாமல் போக மாட்டார். சிவப்பு மிளகாய்க் குழம்பில் மூழ்கிய என்சிலாடா (உள்ளே சீஸோ இறைச்சியோ வைத்துச் சுருட்டிய சோள ரொட்டி), அதன்மேல் உருகின மஞ்சள் செடார் சீஸ், ஓரத்தில் சீஸ் தட்டோடு ஒட்டி லேசாகத் தீய்ந்த மொறுமொறுப்பு. ஒரு பக்கம் தக்காளி போட்ட சோறு, இன்னொரு பக்கம் மசித்து வறுத்த பீன்ஸ், அதன்மேலும் சீஸ். குழம்பு ஓடி சோற்றில் கலந்துவிடும். மூன்றையும் சேர்த்துச் சாப்பிடும்போதுதான் அது ருசி.

ஒரு நட்சத்திரம் கொடுக்கிறவர்களுக்கு ஆகாததும் இதே தட்டுதான். "எல்லாம் ஒரே ருசி, எங்கே பார்த்தாலும் சீஸ், மெக்சிகோவில் யாரும் இப்படிச் சாப்பிடுவதில்லை." என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தெற்கு மெக்சிகோவில் உள்ள வஹாக்காவில் பிறந்து வளர்ந்தவர். அவர் இதை வெறுப்பாகச் சொல்வதில்லை, வருத்தமாகச் சொல்வார். அவருடைய அம்மா மோலே என்ற குழம்பு செய்தால் மிளகாய் வகைகளைத் தனித்தனியாக வறுப்பதும், எள், கொட்டைகள், மசாலா, கொஞ்சம் சாக்லேட் எல்லாம் சேர்த்து அரைத்துக் காய்ச்சுவதுமாக ஒரு நாள் முழுக்கப் போய்விடுமாம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவரிடம் இந்த மஞ்சள் சீஸ் தட்டைக் காட்டி, "உங்கள் நாட்டுச் சாப்பாடு" என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? அவர் சொல்வது அவரளவில் நூற்றுக்கு நூறு நியாயம்.

அவருக்கும் நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது. எல் சோலோவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒலிம்பிக் புலவார்டில், கெலாகெட்சா என்ற வஹாக்கா உணவகம். 1994-ல் லோபெஸ் குடும்பம் ஆரம்பித்தது. கரிய நிற மோலே, பெரிய அப்பளம்போல் விறைத்த சோளத் தோசைமேல் பீன்ஸும் இழை இழையாக உரியும் சீஸும் வைத்த த்லாயுதா என்று வஹாக்காவின் சாப்பாடே மேசைக்கு வரும். 2015-ல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை அமெரிக்காவில் காலம் கடந்தும் நிலைத்து நிற்கும் உணவகங்களுக்குக் கொடுக்கும் விருது இதற்குக் கிடைத்தது. இரண்டு கடைக்கும் பெயர் மெக்சிகன் உணவகம். இரண்டிலும் ஒரே மாதிரி ருசிக்கும் பதார்த்தம் என்று எனக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அப்படியானால் எல் சோலோவில் கிடைப்பது போலியா? இல்லவே இல்லை. இந்த இடத்தில்தான் நான் ஒரு நட்சத்திரக்காரர்களோடு உறுதியாக மாறுபடுகிறேன்.

ஆரம்பத்தில் கடைக்கு சோனோரா என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். சோனோரா மெக்சிகோவின் வடமேற்கு மாநிலம், அமெரிக்க எல்லையை ஒட்டியது. வறண்ட பூமி, மாடு மேய்க்கும் ஊர்கள். ஸ்பானியப் பாதிரிமார்கள் கொண்டுவந்த கோதுமை அங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. அதனால் அங்கே டோர்டியா என்ற சப்பாத்தி போன்ற கோதுமை ரொட்டி, மாட்டிறைச்சி, சிவப்பு மிளகாய்க் குழம்பு, பாலாடைக்கட்டி. பக்கத்து மாநிலமான சிவாவாவில் 1922 முதல் குடியேறிய மென்னனைட் கிறிஸ்தவர்கள் செய்யும், நன்றாக உருகும் சீஸ் இன்றைக்கும் பிரபலம். கரிய மோலே அங்கே அன்றாடச் சமையல் கிடையாது. கலிஃபோர்னியாவும் 1848 வரை மெக்சிகோவின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது. அப்புறம் 1910-ல் மெக்சிகோவில் புரட்சி வெடித்தபோது லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி வந்தார்கள், அவர்களில் வடக்கு மாநிலத்தவர் நிறையப் பேர். அவர்கள் வீட்டில் செய்ததை இங்கே கிடைத்த சாமானை வைத்துச் செய்தார்கள். கிடைத்த சீஸ் செடார், அதனால் செடார் போட்டார்கள். அந்தச் சமையலுக்கு இப்போது நூறு வயது. கலிஃபோர்னியா மெக்சிகன் என்று அதற்குத் தனியாகவே ஒரு பெயர் சொல்லலாம்.

2010-ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டது மிச்சோவாக்கான் மாநிலத்துச் சமையல். நல்ல விஷயம்தான். ஆனால் சோளம் ஊறவைத்து அரைக்கும் தெற்கையும் நடுப்பகுதியையும் மட்டும் அசல் என்று பிடித்துக்கொண்டு, வடக்கையும் எல்லைக்கு இந்தப் பக்கத்தையும் தள்ளிவைக்கும் பழக்கம் சாப்பாட்டுப் பிரியர்களிடம் வந்துவிட்டது. அது எனக்கு ஒப்புதல் இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் சான் பெர்னார்டினோவில் 1937-ல் லூசியா ரோட்ரிகெஸ் ஆரம்பித்த மிட்லா கஃபே. சோள டோர்டியாவில் கொத்திறைச்சி வைத்து மடித்து, மொறுமொறுவென்று பொரித்து, லெட்டூஸ், தக்காளி, துருவின செடார் போட்டு டாக்கோ என்று தருவார்கள். புதிதாகப் போகிற சிலர், அந்தப் பெரிய துரித உணவுக் கடைத்தொடரை நினைத்து, "டாக்கோ பெல் மாதிரி இருக்கிறது" என்று முகம் சுளிப்பார்கள். நடந்தது தலைகீழ். எதிர்ச்சாரியில் ஹாம்பர்கர் கடை வைத்திருந்த க்ளென் பெல் மிட்லாவில் சாப்பிட்டுப் பார்த்து, அதன் செய்முறையைக் கற்றுக்கொண்டு, பிறகு 1962-ல் டவுனி என்ற ஊரில் முதல் டாக்கோ பெல்லைத் திறந்தார். அப்பொழுதெல்லாம் சான் பெர்னார்டினோவின் நகராட்சி நீச்சல் குளத்தில் மெக்சிகன் பிள்ளைகளை விடமாட்டார்கள். அதை எதிர்த்து வழக்குப் போட்டு 1944-ல் ஜெயித்தார்கள். அதற்காக ஊர்க்காரர்கள் கூடிப் பேசிய இடங்களில் மிட்லாவும் ஒன்று. அந்தக் கடையின் டாக்கோவைப் போய் நகல் என்று எழுதும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

எங்கள் தெருவில் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். அவருடைய பாட்டியே கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். ஞானஸ்நானம், பட்டமளிப்பு, துக்கம் விசாரித்துத் திரும்பும் வழி என்று அவர் குடும்பத்துக்கு எல்லாமே எல் சோலோவும் அதுபோன்ற கடைகளும்தான். "மெக்சிகன்காரர்கள் அங்கே சாப்பிட மாட்டார்கள் என்று எழுதுகிறார்களே, அப்படியென்றால் நான் யாராம்?" என்று அவர் ஒருமுறை கேட்டார். மெக்சிகன்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் நடக்கும் சண்டை என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். என் வஹாக்கா நண்பரும் மெக்சிகன், இந்த அம்மாவும் மெக்சிகன். ஒருவருக்கு இது அந்நியச் சாப்பாடு, இன்னொருவருக்கு இதுதான் பாட்டி வீட்டுச் சாப்பாடு.

ஐந்து நட்சத்திரக்காரர்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அவர்களில் பலர் சாப்பாட்டுக்கு மதிப்பெண் போடுவதில்லை, தங்கள் இளமைக்குப் போடுகிறார்கள். யு.எஸ்.சி பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் ஃபுட்பால் ஆட்டத்தன்று கூட்டமாக வருவார்கள், அவர்களுக்கு மார்கரிட்டா என்ற மதுவும் நண்பர்களும் இருந்தால் போதும். அதில் தப்பு இல்லை, ஆனால் புதிதாகப் போகிற உங்களுக்கு அது உதவாது. பழைய கடை என்ற பெயரிலேயே ஓட்டிவிடும் இடங்களும் ஊரில் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு, பெயர் வேண்டாம். அங்கே குழம்பில் மாவு ருசிதான் முன்னால் நிற்கும், மிளகாய் ருசி தேட வேண்டும். சோறு விளக்குச் சூட்டில் காய்ந்து பருக்கை பருக்கையாக நிற்கும். விலை மட்டும் ஒவ்வொரு வருடமும் ஏறும். அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

எனக்கு அளவுகோல் மஞ்சள் சீஸ் இருக்கிறதா இல்லையா என்பது அல்ல. சிவப்புக் குழம்பைத் தனியாக ஒரு கரண்டி ருசித்துப் பாருங்கள். காய்ந்த மிளகாயை வறுத்து, ஊறவைத்து அரைத்திருந்தால் முதலில் ஒரு புகை வாசனையும் பின்னால் லேசான கசப்பும் தெரியும். காரம் அதற்கு அப்புறம்தான். சில்லி ரெயேனோ சொல்லிப் பாருங்கள்: பெரிய பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, உள்ளே சீஸ் வைத்து, நுரைக்க அடித்த முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. முட்டைப் போர்வை பஞ்சுபோல் இருந்தால் அப்போதுதான் பொரித்தது, ரப்பர்போல் இழுத்தால் காலையிலேயே பொரித்து வைத்தது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் அந்தச் சமையலறை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இதே சண்டை சான் பிரான்சிஸ்கோவிலும் உண்டு. மிஷன் தெருவில் மிகேல் ஹாரா 1973-ல் ஆரம்பித்த லா டாக்கெரியாவில் புரிட்டோவுக்குள் (டோர்டியாவில் இறைச்சி, பீன்ஸ் வைத்துச் சுருட்டியது) சோறு வைக்க மாட்டார்கள். 2014-ல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் நாடு முழுவதும் தேடி, அமெரிக்காவின் சிறந்த புரிட்டோ அதுதான் என்றது. சோறு இல்லாத புரிட்டோ ஒரு புரிட்டோவா என்று அந்த ஊர்க்காரர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பிடித்த கடை என்று ஒன்று இருந்தால் இப்படித்தான் இருக்கும் போல.

உங்கள் குடும்பத்தில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் ஒரு விஷயம் முக்கியம். இங்கே மட்டுமல்ல, எந்தப் பழைய மெக்சிகன் கடைக்குப் போனாலும் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா, சோற்றில் கோழிச் சாறு ஊற்றியிருக்கிறதா என்று உட்கார்ந்ததுமே கேட்டுவிடுங்கள். மெனுவில் சீஸ் என்சிலாடா என்று போட்டிருந்தால் குழம்பும் சைவம் என்று அர்த்தமில்லை. சோள மாவை மட்டையில் பொதிந்து அவிக்கும் தமாலேயின் மாவிலும் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். கேட்டால் முகம் கோணாமல் சொல்வார்கள், வேறு என்ன தரலாம் என்றும் யோசிப்பார்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என் பரிந்துரை: மே முதல் அக்டோபர் வரையில் வந்தால் இளஞ்சோளத் தமாலேயை விட்டுவிடாதீர்கள், வேறு மாதங்களில் கிடைக்காது. புதுச் சோளத்தை அரைத்த மாவு, நடுவில் ஒரு கீற்று மிளகாயும் சீஸும். சோள மட்டையைப் பிரித்ததும் ஆவியோடு இனிப்பான வாசனை வரும். 1923 முதல் இருப்பது, எல்லாக் கட்சிக்காரர்களும் ஒத்துக்கொள்ளும் ஒரே பதார்த்தமும் இதுதான் என்று நினைக்கிறேன். என் வஹாக்கா நண்பர்கூட இரண்டாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆட்டம் இருக்கிற சனிக்கிழமையைத் தவிர்த்து, வாரநாள் மதியம் போங்கள். குழந்தைகள் இருந்தால் காம்பினேஷன் பிளேட்டை அவர்கள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். பரிமாறுகிறவர் சொல்லும் அந்த எச்சரிக்கை சும்மா சொல்வது இல்லை.