தோட்டக் கம்பனிக்கு இணக்க மென்பொருள் வாங்கும்போது நிலைபேறு இடர் வசதிகளில் எதைப் பார்க்க வேண்டும்?

இணக்க மென்பொருளில், அதாவது சட்டங்களையும் தரநிலைகளையும் கம்பனி பின்பற்றுகிறதா என்று கண்காணிக்கும் மென்பொருளில், விற்பனைக்காரர்கள் காட்டும் "நிலைபேறு இடர்" பகுதி (காலநிலை, சூழல் போன்றவற்றால் கம்பனிக்கு வரும் ஆபத்துகள்) உண்மையில் உதவுமா, அதற்குத் தனியாகக் காசு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹட்டன் பக்கம் சில தேயிலைத் தோட்டங்களின் தரவுகளை இப்படியொரு மென்பொருளில் ஏற்றுவதுதான் என் வேலை. பணிப்பாளர் சபைக்குக் காட்டும் கலர் கட்டங்களைப் பார்த்து வாங்காதீர்கள். தோட்டத்தில் எழுதும் எண் உள்ளே போய், எல்லை தாண்டினால் யாருடைய போனுக்கு வருகிறது என்று பாருங்கள்.

மண்சரிவை எடுத்துக்கொள்வோம். இடர் பதிவேட்டில் அது ஒரு வரி: வாய்ப்பு 3, பாதிப்பு 5, பெருக்கினால் 15, சிவப்பு. காலாண்டுக்கு ஒருமுறை யாரோ "மாற்றமில்லை" என்று அழுத்திவிட்டுப் போவார். ஆனால் இலங்கையில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் தெளிவான எல்லைகள் வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார்நிலை, 150 தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற்றம். தோட்டத்து மழைமானிக் கணக்கை டிவிசன் (தோட்டப் பிரிவு) வாரியாக ஏற்றி, இந்த எல்லைகளை நீங்களே போட முடிகிறதா? அடைமழையில் காலைக் கணக்கு மட்டும் போதாது, இடையிலும் ஏற்ற வழி இருக்கிறதா? துரைக்கும் (தோட்ட முகாமையாளர்) வெளிக்கள உத்தியோகத்தருக்கும் எஸ்எம்எஸ் போகிறதா? அவர்கள் பார்க்காவிட்டால் மேலே யாருக்குப் போகும்?

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குச் சில வருடங்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். அதனால்தான் எச்சரிக்கை வந்தபின் யார், எப்போது, என்ன செய்தார் என்பது யாரும் பின்னால் திருத்த முடியாத பதிவாக நிற்க வேண்டும் என்கிறேன். காசு கொடுப்பதானால் இதற்குக் கொடுங்கள்.

அடுத்தது விறகு. நம் தொழிற்சாலைகள் பலவற்றில் தேயிலை காய்வது விறகுச் சூட்டில்தான். பச்சை வீட்டு வாயுக் கணக்கு நெறிமுறைப்படி, விறகு எரிவதில் வரும் காபனீரொட்சைட்டை ஸ்கோப் 1இல் (கம்பனியே நேரடியாக வெளியிடும் வாயுக்களின் கணக்கு) கூட்டாமல் தனியாகக் காட்ட வேண்டும். அதிலிருந்து வரும் மெதேனும் நைட்ரஸ் ஒக்சைட்டும்தான் ஸ்கோப் 1இல் சேரும். டெமோவில் விறகுக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டீசலோடு சேர்த்துக் கூட்டினால், அந்த மென்பொருள் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

அறிக்கை வார்ப்புருவுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். பெரிய பட்டியலிட்ட கம்பனிகளில் தொடங்கி 2025 ஜனவரி முதல் எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். எஸ்1, எஸ்2 (நிலைபேறு, காலநிலை விடயங்களை அறிக்கையிடும் இலங்கைத் தரநிலைகள்) கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருவதால், விற்பவர்கள் எல்லோரும் அதைக் கொண்டுவருவார்கள்.

அப்புறம், ஆயத்தமாக வரும் இடர்ப் பட்டியலை அப்படியே ஏற்காதீர்கள். நான் பார்த்ததில் கொள்கை மாற்றம் என்ற தலைப்பின் கீழ் ஐரோப்பிய காபன் வரி இருந்தது. இலங்கையில் 2021 மே மாதம் வந்து நவம்பரில் கைவிடப்பட்ட இரசாயன உரத் தடை போன்ற ஒன்றுக்கு அதில் இடமே இல்லை. சொந்தமாக வரிகள் சேர்க்கக் கட்டணம் கேட்டால் பேரம் பேசுங்கள்.

சிக்னல் கிடைக்காத டிவிசனில் பதிந்து, பிறகு ஏற்ற முடிகிறதா, திரை தமிழில் வருகிறதா என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன் கேளுங்கள். முடிந்தால் கொழும்பு அலுவலகத்தில் இல்லாமல், ஒரு தோட்டத்து ஆபீசில் மழைக்காலத்தில் ஓட்டிப் பாருங்கள்.