கடைசிப் பத்தியை உங்கள் கணவர் ஏன் படித்தார்?

கேள்வி: நான் பல ஆண்டுகளாக ஒரு நீதிபதியிடம் நேர்முக உதவியாளராக இருக்கிறேன். டிக்டேஷன் எடுப்பது, வரைவுத் தீர்ப்பு தட்டச்சு செய்வது, போன், கோப்பு, அவருடைய அன்றாட நிகழ்ச்சி நிரல் எல்லாமே என் பொறுப்பு. ராத்திரியிலும் அழைப்பு வரும். "குடும்பமா, கோர்ட்டா, முடிவு பண்ணு" என்கிறார் மாமியார். கணவர் மட்டும்தான் எனக்கு ஆதரவு. முடியாத வேலையைப் பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்தால், பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்துக் கொடுப்பார். ஒருமுறை, பழைய தீர்ப்பு ஒன்றின் கடைசிப் பத்தியை எடுத்து ஒட்டியதில், 'தள்ளுபடி செய்யப்படுகிறது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அனுமதிக்கப்படுகிறது' என்று இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அவர்தான். இவ்வளவு உழைத்தும் கொஞ்ச நாளாக ஐயா என்னிடம் முன்போலப் பேசுவதில்லை. விசாரணை முடிந்து, இன்னும் அறிவிக்காமல் ஒத்திவைத்த தீர்ப்புகளைப் புதிதாக வந்த பெண்ணிடம் கொடுக்கிறார். மனசு விட்டுப்போச்சு. வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பார்க்கலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் மாமியார்தான் இருக்கிறார், மீதியில் ஐயா இருக்கிறார். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். நடுவில் இரண்டே வரியில் கணவரைப் பாராட்டிவிட்டு வேகமாகக் கடந்து போய்விட்டீர்கள். நான் அந்த இரண்டு வரியை விட்டு நகரப் போவதில்லை.

'தள்ளுபடி', 'அனுமதி' இரண்டுமே எழுத்துப்பிழை இல்லாத வார்த்தைகள். அந்த வாக்கியத்தை மட்டும் பார்க்கிற யாருக்கும் அதில் தவறு தெரியாது. தவறு தெரிய வேண்டுமென்றால் முதல் பக்கத்தில் யார் மேல்முறையீடு செய்தார் என்று படித்திருக்க வேண்டும், இரண்டு தரப்பு வாதத்தையும் படித்திருக்க வேண்டும், நீதிபதி எந்தச் சாட்சியை நம்பினார், எதை நம்பவில்லை என்பதைத் தொடர்ந்து வந்திருக்க வேண்டும். அப்புறம்தான், "இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் அனுமதிக்கிறேன் என்கிறாரே, இது எப்படி?" என்ற சந்தேகம் வரும். ஆக, உங்கள் கணவர் எழுத்துப்பிழை பார்க்கவில்லை அம்மா. ஒரு வழக்கின் முடிவை, அதில் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்பாக, அவர்களுடைய வக்கீல்களுக்கு முன்பாக, உங்கள் வீட்டில் உட்கார்ந்து முழுசாகப் படித்திருக்கிறார். இதை அவருடைய உதவி என்று எனக்கு எழுதுகிறீர்கள். எழுதும்போது கை கொஞ்சம்கூட நிற்கவில்லையா?

வரைவுத் தீர்ப்பு என்றால் என்ன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்தாகி, நீதிமன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கப்படுகிற வரைக்கும் அது தீர்ப்பே கிடையாது, ஒரு மனிதர் யோசித்துக்கொண்டிருப்பதின் எழுத்து வடிவம். இன்று சொன்ன இழப்பீட்டுத் தொகையை நாளை மாற்றுவார், ஒரு சாட்சியைப் பற்றி எழுதிய கடுமையான வரியை மறுநாள் காலையில் அடிக்கச் சொல்வார். அப்படி அடித்த வரிகளை உலகத்தில் இரண்டே பேர்தான் பார்த்திருக்க வேண்டும், எழுதச் சொன்னவரும் எழுதியவரும். உங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒருவர் பார்த்திருக்கிறார். பக்கங்களில் இருப்பதும் சட்டப் பிரிவுகள் மட்டுமா? ஒரு குழந்தையின் வாக்குமூலம் இருக்கும், ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை இருக்கும், ஒரு தம்பதி ஒருவர் மேல் ஒருவர் வைத்த, வெளியில் சொல்லக் கூசுகிற குற்றச்சாட்டுகள் இருக்கும். அவர்கள் கோர்ட்டை நம்பிச் சொன்னார்கள். உங்கள் கணவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

இந்தக் கடிதம் எனக்குப் புதிது இல்லை. மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர், வினாத்தாள் தயாரிக்கிறவர், வங்கிக் கணக்குகளைப் பார்க்கிறவர் என்று ஆள்தான் மாறும், எல்லோரும் வேறு ஏதோ ஒரு குறையைச் சொல்ல வந்துவிட்டு, போகிற போக்கில் "வீட்டுக்காரர்கிட்டதானே சொன்னேன்" என்று எழுதுவார்கள். கணவன் மனைவிக்குள் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்று நம்புகிறவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் சம்பளம், உடம்பு, பயம், உங்கள் அண்ணனுக்குக் கொடுத்த கடன், ஐயா மேல் இருக்கிற கோபம், எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். அதெல்லாம் உங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது நம்பிக் கொடுத்துவிட்டுப் போன நகைப்பெட்டியைத் திறந்து, "நம்ம வீட்டு ஆள்தானே" என்று கணவர் கையில் கொடுப்பீர்களா? மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பதினைந்து பக்கத் தாளாக இருந்தால் மட்டும் ஏன் கொடுத்தீர்கள்?

அவரை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? 2022 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், கருக்கலைப்பு வழக்கு ஒன்றின் வரைவுத் தீர்ப்பு வெளியே கசிந்து பத்திரிகையில் வந்துவிட்டது. நீதிமன்றமே விசாரித்தது. 97 ஊழியர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 2023 ஜனவரியில் அறிக்கை வந்தபோது, கசியவிட்டது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் வந்தது. வரைவைப் பற்றியோ, எத்தனை நீதிபதிகள் எந்தப் பக்கம் என்பதைப் பற்றியோ தங்கள் கணவரிடமும் மனைவியிடமும் சொன்னதாகச் சிலர் ஒப்புக்கொண்டு, அதை அந்த உறுதிமொழிப் பத்திரத்திலேயே குறித்துக் கொடுத்தார்கள். அவர்களும் வீட்டில் இருப்பவரிடம்தானே சொன்னோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். நாளைக்கு உங்கள் அலுவலகத்தில் ஏதாவது ஒன்று கசிந்தால், அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், "வேறு யார் பார்த்தார்கள்?" என்ற கேள்விக்கு நீங்கள் சொல்ல வேண்டிய முதல் பெயர் உங்கள் கணவருடையது. உங்களுக்குத் துணையாக இருந்த ஒரே ஆளுக்கு நீங்கள் கொடுத்திருக்கிற பரிசு இது.

நூறு வருஷத்துக்கு முன்னால் அதே நீதிமன்றத்தில் ஆஷ்டன் எம்ப்ரி என்று ஒருவர், நீதிபதி ஜோசப் மெக்கென்னாவிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தார். வரப்போகிற தீர்ப்பைப் பங்குச் சந்தையில் லாபம் பார்க்கிறவர்களுக்குச் சொன்னார் என்று சந்தேகம் எழுந்தது. 1919 டிசம்பரில் வேலையை விட்டார், மறு ஆண்டு அவர் மேல் குற்றம் சாட்டினார்கள், கடைசியில் 1929இல் வழக்கையே கைவிட்டார்கள். தண்டனை இல்லை. ஆனால் இன்று அவருடைய பெயரை எடுத்தால் அந்தச் சந்தேகம் ஒன்றுதான் கூடவே வருகிறது. நீங்கள் அவரைப் போலப் பணத்துக்காகச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த வேலையில் சந்தேகம் மட்டுமே போதும், நிரூபிக்கத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐயா ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. வேலையைப் பிரித்துக் கொடுக்க நினைத்திருக்கலாம். இல்லை, எதுவோ காதில் விழுந்திருக்கலாம். உங்கள் கணவர் ஒரு விசேஷ வீட்டில் பெருமையாக, "அந்தத் தப்பை நான்தான் பிடிச்சேன்" என்று சொல்லியிருந்தால்கூடப் போதும், அவர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார் என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா? நீங்களே முன்பின் தெரியாத எனக்கு அதைப் பெருமையாகத்தானே எழுதியிருக்கிறீர்கள். ஐயா ஒத்திவைத்த தீர்ப்புகளை மட்டும் உங்களிடமிருந்து எடுத்தார் என்பதை நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு 'மனசு விட்டுப்போச்சு' என்று எனக்கு எழுதியதற்குப் பதிலாக, அவரிடம் நேராகப் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

அவர் மேலும் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஒரு ஆளால் முடியாத வேலையைக் கொடுத்து, அது பென் டிரைவில் வீட்டுக்குப் போவதைக் கவனிக்காமல் இருந்தது அவர் தவறு. 2002இல் ஹேக் நகரில் பல நாட்டு நீதிபதிகள் கூடி இறுதி செய்த, நீதிபதிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிற பெங்களூரு நெறிகள், பணியில் தெரியவரும் ரகசியத்தை வேறு எதற்கும் பயன்படுத்தவோ வெளியிடவோ கூடாது என்று நீதிபதியைக் கட்டுப்படுத்துகின்றன. தன் கீழ் வேலை செய்கிறவர்கள் வேலை தொடர்பாகப் பரிசோ சலுகையோ வாங்குவதைத் தெரிந்தே அனுமதிக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. அதாவது சேம்பருக்குள் நடப்பதற்கு அவர் பொறுப்பு. உங்கள் வீட்டுக்குள் நடந்ததற்கும் கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், அது தெரியாமலேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்று ராத்திரியே கணவரிடம் பேசுங்கள். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள், அவர் கேட்டு வாங்கவில்லை, நீங்கள்தான் கொடுத்தீர்கள். "படித்ததை யாரிடமாவது சொன்னாயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சொன்னார் என்றால் யாரிடம், எந்த வழக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். வேலையில் சேரும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு உறுதிமொழி, பணி விதிகள் ஏதாவது இருந்தால் எடுத்து வரி விடாமல் படியுங்கள். அப்புறம் ஐயாவிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். வேலைப்பளுவில் ஆரம்பிக்காதீர்கள், மாமியாரை இழுக்காதீர்கள். எந்தெந்தத் தீர்ப்பை வீட்டுக்குக் கொண்டுபோனேன், என் கணவர் எதையெல்லாம் படித்தார், இது மட்டும். அந்தத் தீர்ப்புகளில் எதுவாவது இன்னும் அறிவிக்கப்படாமல் இருக்கிறதா என்பது அவருக்கு உடனே தெரிய வேண்டும், அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

அதற்குள் பயந்துபோய் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அழித்துவிடாதீர்கள். சொல்வதற்கு முன்பே அழித்தால் மறைத்ததாக ஆகிவிடும். பென் டிரைவை அவர் கையில் கொடுங்கள், கம்ப்யூட்டரில் இன்ன கோப்புகள் இருக்கின்றன என்று சொல்லுங்கள், என்ன செய்வது என்று அவர் முடிவு செய்யட்டும். கோபப்படுவார். வேறு இடத்துக்கு மாற்றலாம், நடவடிக்கை எடுக்கலாம், வேலையேகூடப் போகலாம். போனாலும் நீங்களாகச் சொல்லிப் போனதாக இருக்கட்டும்.

வேலையில் நீடித்தால், வேலை வீட்டுக்கு வராது என்பதை அன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். முடியாத அன்று "முடியவில்லை ஐயா, நாளைக்குத்தான்" என்று சொல்லுங்கள், அல்லது இன்னொரு ஆளைக் கேளுங்கள். அந்தப் புதுப் பெண் உங்களுக்குப் போட்டியாக வந்தவள் கிடையாது, உங்கள் சுமையில் பாதியைத் தூக்க வந்தவள். தீர்ப்பை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும் என்று இத்தனை நாள் தேடினீர்களே, அந்த வேலைக்கு உரிமை உள்ள கண் அவளுடையது. பழைய தீர்ப்பிலிருந்து பத்தியை எடுத்து ஒட்டும் பழக்கத்தையும் விடுங்கள். ஒருவருடைய மேல்முறையீடு நின்றதா விழுந்ததா என்று சொல்கிற ஒரே வரியை, எவ்வளவு அவசரம் என்றாலும், புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

ராஜினாமாவைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஐயாவிடம் பேசாமல் விலகினால், குடும்பத்துக்காக விட்டேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்வீர்கள், மாமியாரும் அதை நம்புவார். அவருடைய கோபத்துக்கு, ராத்திரி சாப்பிடும் நேரத்தில் நீங்கள் கம்ப்யூட்டரை மூடி வைத்தாலே பாதி மருந்து கிடைத்துவிடும். மீதியை அவர் மகன் பேசிச் சரிசெய்யட்டும், அவருக்கு இனி ராத்திரியில் நேரம் இருக்கும்.