தேசிய கால்பந்து அணி வீரர்களின் காயங்களை வருடக்கணக்கில் எப்படிக் கண்காணிக்கிறார்கள்? சென்னை லீக் அணி ஒன்று அதையே செய்ய முடியுமா?

முடியும், பெரிய செலவும் இல்லை. ஆனால் காயத்தை மட்டும் எழுதி வைத்தால் பயனில்லை. யார் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நம்மூர் நோட்டுகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான்.

22 பேர், வாரம் 4 பயிற்சி, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி என்றால் வாரத்துக்கு 132 மணி. 25 வாரத்தில் 3,300. மேட்ச்சில் களத்தில் 11 பேர்தான், 20 மேட்ச்சுக்கு 330 மணி. பயிற்சியில் 12 காயம், மேட்ச்சில் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் பயிற்சிதான் ஆபத்து போலத் தெரியும். 1,000 மணிக்குக் கணக்கிட்டால் பயிற்சியில் 3.6, மேட்ச்சில் 24. ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் 2001-இல் ஐரோப்பிய கிளப்களில் தொடங்கிய யூஈஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்து சங்கம்) ஆய்வும் இதே 1,000 மணிக் கணக்குதான். மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் (தொடையின் பின்பக்கத் தசை) பங்கு 12 சதவீதத்திலிருந்து 24 ஆனது தெரியவந்ததற்குக் காரணம், இருபது வருடமாக எது காயம் என்ற வரையறையை மாற்றாமல் வைத்திருந்ததுதான்.

பதிவில் 'கால் வலி' என்று எழுதாதீர்கள். 'வலது ஹாம்ஸ்ட்ரிங், முழு வேக ஓட்டம், மேட்ச் 70-வது நிமிடம், டர்ஃப்' என்று எழுதுங்கள். மே மாத வெயிலில் தசை பிடித்துக்கொள்வதைக் கிழிசல் என்று எழுதிவிடுவதும் சகஜம். மறுநாள் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். திரும்பிய தேதி என்பது மெதுவோட்டம் தொடங்கிய நாள் அல்ல, அணியோடு முழுப் பயிற்சிக்குத் தயாரான நாள். விலகிய நாட்களை 1–3, 4–7, 8–28, 28-க்கு மேல் என்று பிரிப்பார்கள். தேசிய அணிக்கு ஆடும்போது காயப்பட்டவர் 28 நாளுக்கு மேல் ஆடாவிட்டால் ஃபிஃபா அவருடைய கிளப்புக்கு இழப்பீடு தருகிறது. அதனால் தேதி தவறினால் பணமும் தவறும்.

திரும்பிய பிறகும் கோப்பை மூட முடியாது. நெய்மார் அக்டோபர் 2023-இல் பிரேசிலுக்கு ஆடும்போது இடது முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து, ஒரு வருடம் கழித்துத் திரும்பி, இரண்டாவது மேட்ச்சிலேயே ஹாம்ஸ்ட்ரிங்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அதே இடத்தில் அதே காயம், திரும்பிய இரண்டு மாதத்துக்குள் வந்தால் 'சீக்கிர மறுகாயம்' என்று தனியாகக் குறிப்பார்கள். அது அடிக்கடி வந்தால் நம் அணி ஆளை அவசரப்பட்டு இறக்குகிறது என்று பொருள்.

வலியோடு ஆடுபவர் இந்தப் பதிவில் வரவே மாட்டார். அதற்குத்தான் ஆஸ்லோ ஆய்வாளர்களின் வாராந்திரப் படிவம்: முழுதாகக் கலந்துகொண்டாயா, பயிற்சியைக் குறைத்தாயா, ஆட்டம் பாதித்ததா, வலி எவ்வளவு என்று நான்கே கேள்வி, மொத்தம் 100 மதிப்பெண், பூஜ்யம் என்றால் தொல்லையே இல்லை. ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். பதில் பிசியோவுக்கு மட்டும் போகட்டும். கோச் பார்ப்பார் என்று தெரிந்தால் அத்தனை பேரும் பூஜ்யம்தான் போடுவார்கள், டீமில் இடம் போகுமே!

க்ரோயினுக்கு (தொடை இடுக்கு), பி.பி. பார்க்கும் கருவியின் பையை அதன் அளவு 10 (மில்லிமீட்டர் பாதரசம்) காட்டும் வரை ஊதி முழங்கால்களுக்கு நடுவே வைத்து இறுக்கச் சொல்லி, கருவி காட்டும் எண்ணைக் குறியுங்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய வழக்கமான எண்ணோடுதான் ஒப்பீடு. அது தெளிவாக இறங்கி மறுநாளும் ஏறாவிட்டால் அன்று ஷூட்டிங் பயிற்சி வேண்டாம்.

தேசிய அணியில் சிக்கல் வருவது வீரர் கிளப்பிலிருந்து தேசிய முகாமுக்குக் கைமாறும் இடத்தில். வீரர் ஓடுவதை அளக்கும் ஜிபிஎஸ் கருவி கிளப்பில் ஒரு பிராண்ட், முகாமுடையது வேறு, எண்கள் ஒத்துப்போகாது. ஆகவே பயிற்சி எவ்வளவு கடினம் என்று வீரர் 0 முதல் 10-க்குள் சொல்வதை நிமிடத்தால் பெருக்கி அதையும் அனுப்புவது நல்லது. 90 நிமிடம், கடினம் 6 என்றால் 540. முகாமுக்கு வருபவரின் கடைசி நான்கு வாரக் கணக்கு முதல் நாளே கையில் இருக்க வேண்டும்.

சென்னையில் இதே ஓட்டை வேறு உருவில் இருக்கிறது. லீக் வீரர் இரவில் டர்ஃபில் ஃபைவ்ஸ் (அணிக்கு ஐந்து பேர்) டோர்னமென்ட் ஆடிவிட்டு வாயே திறக்க மாட்டார். வாரப் படிவத்தில் 'வெளியே ஆடிய நிமிடம்' என்று ஐந்தாவதாக ஒரு கேள்வி சேருங்கள். அந்தப் பதிலை வைத்து யாரையும் திட்டாதீர்கள், அடுத்த வாரம் அது காலியாகத்தான் வரும்.