பொதுப் பட்டமும் கல்வித் தகுதியும்

அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு வீரவநல்லூர்ப் பக்கம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்வழி, அரசுப் பள்ளி. பாளையங்கோட்டையில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் பி.ஏ. வரலாறு, தமிழ்வழி. இன்னொன்றில் பி.ஏ. பொருளாதாரம், ஆங்கிலவழி. இரண்டும் பிடிக்கும். கொஞ்சம் கம்ப்யூட்டர், கொஞ்சம் உளவியலும் படிக்க ஆசை. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எல்லாம் கலந்த பொதுப் பட்டம் இருக்கிறதாமே, அதில் சேரலாமா? வெறும் பி.ஏ.வுக்கு வேலை இல்லை என்கிறார் மாமா. ஒரு சென்டரில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். எல்லா வேலைக்கும் எனி டிகிரி போதும் என்கிறபோது, பிடித்ததைப் படித்தால் என்ன?
க.

அன்புள்ள க.,

மாமாவை விடு. பி.இ. முடித்தவனிடமும் அதையேதான் சொல்லியிருப்பார். நான் பதில் எழுத உட்கார்ந்தது உன் கடைசி வரிக்காக. எனி டிகிரி போதும் என்று நம்பி மூன்று வருஷத்தைப் போட்டுவிட்டு, பிறகு முழிக்கிறவர்கள் நம் பக்கம் தெருவுக்கு ஒருவர் உண்டு.

ஒரே ஒரு அறிவிக்கையையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தாயா, தாயி? யூடியூப்பில் பத்து நிமிஷம் கேட்டது வாசிப்பில் சேராது. பழைய அறிவிக்கை ஒன்றை இறக்கி, கல்வித் தகுதி அட்டவணைக்குப் போ. மத்திய அரசு வேலைகளுக்காக எஸ்.எஸ்.சி. நடத்தும், பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். தேர்வையே எடுத்துக்கொள். பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், சரிதான். ஆனால் ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர் பதவிக்கு பிளஸ் டூ கணிதத்தில் 60 சதவீதம் வேண்டும், இல்லையென்றால் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கிற ஸ்டாட்டிஸ்டிகல் இன்வெஸ்டிகேட்டர் பதவிக்கு அந்தப் புள்ளியியலை மூன்று வருஷமும் படித்திருக்க வேண்டும். பி.ஏ. பொருளாதாரத்தில் வரும் ஒன்றிரண்டு புள்ளியியல் தாள் முதல் கதவைத் திறக்கலாம், இரண்டாவதைத் திறக்காது. கல்லூரியில் சேர்கிற அன்றைக்கே இது தீர்மானமாகிவிடுகிறது.

ஆசிரியர் வேலை ஆசை மனதில் எங்காவது இருந்தால், இன்னும் கவனம். அரசுப் பள்ளிகளில் வரலாற்றுக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் உண்டு, பி.ஏ., பி.எட்., தகுதித் தேர்வு என்று போகலாம். பொருளாதாரத்துக்கு அந்தப் பணியிடமே கிடையாது. எம்.ஏ. முடித்து, அதன்பின் பி.எட்., அதன்பின் முதுகலை ஆசிரியர் தேர்வு. இரண்டு வருஷம் கூடுதல். சேர்க்கை நேரத்தில் கல்லூரிகள் இதை யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லை.

இனி, நீ போகிற போக்கில் எழுதிவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்வழி. அதை ஏதோ குறை போலச் சொல்லியிருக்கிறாய். கையில் இருக்கிற காசு அது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நேரடி நியமனங்களில் 20 சதவீதம் ஒதுக்கி 2010-ல் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதும் என்று நடந்தது. ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசியில் ஒரு தமிழ்வழிப் பட்டம் வாங்கியவர்களும் உள்ளே வந்தார்கள். 2020-ல் திருத்தினார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்து, அந்தப் பதவிக்கு எந்தப் படிப்பு தகுதியோ அதுவரைக்கும், எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும்.

இதை உன் கணக்கில் போட்டுப் பார். மாநில அரசுப் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4-க்குத் தகுதி பத்தாம் வகுப்பு. நீ நாளைக்கு எந்த மொழியில் பட்டம் படித்தாலும் அங்கே உன் ஒதுக்கீடு போகாது. குரூப் 2-க்குத் தகுதி பட்டம். ஆங்கிலவழியில் சேர்ந்த நிமிஷமே அங்கே உன் 12 வருஷத் தமிழ்வழி செல்லாக் காசு. ‘ஆங்கிலவழி வகுப்பில் இருந்துகொண்டு பரீட்சையைத் தமிழில் எழுதிக்கொள்ளலாம், ரெண்டும் ஒண்ணுதான்’ என்று யாராவது சொல்வார்கள். ஒன்று இல்லவே இல்லை. பயிற்று மொழி எது என்பதுதான் கணக்கு. விடைத்தாளில் என்ன மொழி என்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் கேள்: சான்றிதழில் பயிற்று மொழி தமிழ் என்று எழுதித் தருவீர்களா? வகுப்பில் தமிழில் நடத்தி, காகிதத்தில் ஆங்கிலம் என்று இருந்தால் காகிதம்தான் ஜெயிக்கும். பள்ளிச் சான்றிதழ்களையும் இப்போதே வாங்கு. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும், தேர்வாணையம் கொடுத்திருக்கிற படிவத்தில், தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையுமாக. ஐந்து வருஷம் கழித்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்ட வாரத்தில் தொடக்கப் பள்ளியைத் தேடி ஓடாதே.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சி.ஜி.எல். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். கல்லூரியில் தமிழ்வழியில் படித்தாலும் பாடத்திட்டத்தின் பகுதி இரண்டில் ஆங்கிலத் தாள் இருக்கிறது. அதைப் பாஸ் மார்க் பாடமாக நினைக்காதே.

இக்னோ பொதுப் பட்டம் செல்லுமா என்றால், தாராளமாகச் செல்லும். குறைந்தது மூன்று வருஷம், அதிகம் ஆறு வருஷம். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. ஜூன், டிசம்பரில் தேர்வு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் இரண்டு துறைகளைச் சமமாகப் படித்த பட்டத்தை வைத்துக்கொண்டு, ‘வரலாறு’ என்று ஒற்றை மேஜர் கேட்கிற இடத்தில் நின்றால், இதுவும் அதுவும் சமம் என்கிற இணைத்தன்மை அரசாணை எங்கே என்று கேட்பார்கள். பதினேழு வயதில், கையில் கல்லூரி இடம் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

கலந்து படிக்கிற ஆசைக்குக் கல்லூரிக்குள்ளேயே இடம் இருக்கிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பி.ஏ.வுக்கு 140 கிரெடிட். அதில் முதல் வருஷம் என்.எம்.இ. என்று வேறு துறைத் தாள்கள் வரும், தாளுக்கு 2 கிரெடிட். பிள்ளைகள் எந்த வாத்தியார் மார்க் அள்ளிப் போடுவார் என்று விசாரித்து எடுப்பார்கள். நீ கம்ப்யூட்டரோ புள்ளியியலோ இருந்தால் எடு. உளவியலுக்கு, ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்துகிற என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பார். ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். படிப்பதற்குக் காசில்லை, தேர்வு எழுதினால்தான் கட்டணம். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டை எடுத்து 25 மார்க், தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 எடுத்தால் சான்றிதழ். பெரும்பாலோர் தவறுவது தேர்வில் இல்லை, நாலாவது வாரம் அசைன்மென்ட் போடாமல் விடுவதில்.

அரியர் வைக்காதே. இதைப் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் புத்திமதி என்று நினைத்துவிடாதே. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கை வெளியாகும் தேதியில் உன் பட்டம் தேறியிருக்க வேண்டும். ஏப்ரலில் ஒரு தாள் போனால் நவம்பரில் எழுதி, முடிவு வர அடுத்த வருஷம் ஆகிவிடும். நடுவில் அறிவிக்கை வந்தால் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

முதல் செமஸ்டரிலேயே அம்பையிலோ சேரன்மகாதேவியிலோ டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்துவிடு. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு. இங்கிலீஷ் லோயர், தமிழ் லோயர், பிறகு இரண்டிலும் ஹையர். நிதானமாகப் போனாலும் பட்டத்துக்கு முன்னால் நாலும் கையில் இருக்கும். குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்கு அதுதான் தகுதி. கம்ப்யூட்டருக்கு, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற சி.ஓ.ஏ. என்ற அலுவலகக் கணினித் தேர்வு எழுது, அரசு கேட்கிற சான்றிதழ் அது. அந்த சென்டர்க்காரர் தருகிற கலர் சான்றிதழை எந்த அறிவிக்கையும் கேட்பதில்லை.

வரலாறா பொருளாதாரமா என்றுதானே யோசிக்கிறாய்? வரலாறு. தமிழ்வழி. பயிற்று மொழியை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பணம் கட்டு. அந்த 18,000 ரூபாயை வீட்டில் திருப்பிக் கொடுத்துவிடு.